இந்த ஏரிக்கரைக்கு டிக்கெட் கிடையாது!

இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில், மலைகளுக்கு நடுவே கெஸிக் என்று ஒரு சின்ன ஊர். அதன் கடைவீதியின் நடுவில், வெள்ளையடித்த கோபுரத்தோடு ஒரு பழைய கட்டடம் நிற்கிறது. 'மூட் ஹால்' என்பது அதன் பெயர். 1813-ல் கட்டப்பட்டது. கோபுரக் கடிகாரத்துக்கு ஒரே ஒரு முள்தான். மணி காட்டும் முள் மட்டும் உண்டு. நிமிட முள் கிடையாது. புதிதாக வருகிறவர்கள் முதலில் கடிகாரம் பழுதாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். இரண்டு நாள் தங்கினால், அந்த ஊருக்கு ஒரு முள்ளே போதும் என்று புரிந்துவிடும்.

எழுத்தில் 'கெஸ்விக்' என்று இருந்தாலும், உள்ளூரில் 'கெஸிக்' என்றுதான் சொல்கிறார்கள். பாலாடைக்கட்டி செய்யும் பண்ணை என்பதுதான் பெயருக்குப் பொருள் என்கிறார்கள். மக்கள்தொகை ஏறக்குறைய 5,000. வடக்கே 931 மீட்டர் உயரத்தில் ஸ்கிடா மலை. தெற்கே டெர்வென்ட் வாட்டர் ஏரி. ஏரியின் நீளம் சுமார் 5 கிலோமீட்டர், அகலம் சுமார் 2 கிலோமீட்டர். நடுவில் மரங்கள் அடர்ந்த தீவுகள். கடைவீதியில் இருந்து ஏரிக்கரைக்கு நடந்தே போய்விடலாம்.

படம் எடுக்க அழகான ஏரிகள் உலகில் எத்தனையோ. ஆனால் பல ஊர்களில் ஏரிக்கரையின் நல்ல பகுதி எல்லாம் ஹோட்டல் மதிலுக்குள்ளோ, தனியார் பங்களா வேலிக்குள்ளோ போயிருக்கும். கெஸிக்கில் கரையில் நடக்கவோ மலையில் ஏறவோ யாரும் கட்டணம் கேட்பதில்லை. ஏரியைச் சுற்றி ஏறக்குறைய 16 கிலோமீட்டருக்கு நடைபாதை இருக்கிறது. இது தானாக அமைந்துவிட்டதல்ல. அந்தக் கதை தெரிந்து போனால், விடுமுறையின் ருசியே வேறு.

சந்தைக்கு வயது 700-க்கும் மேல்

கெஸிக் முதலில் சந்தை ஊர். சுற்றுலா ஊரானது பிறகுதான். 1276-ல் அரசர் முதலாம் எட்வர்ட், இங்கே சந்தை கூட்ட அனுமதிப் பட்டயம் கொடுத்தார். இன்றும் வியாழன், சனிக்கிழமைகளில் மூட் ஹாலைச் சுற்றிக் கடைகள் போடுகிறார்கள். பாலாடைக்கட்டி, ரொட்டி, ஜாம், கம்பளித் துணி, கைவினைப் பொருள்கள் என்று வீதி நிறைந்துவிடும். விடுமுறைக்கு வருகிற குடும்பங்கள், இந்த இரண்டு நாள்களில் ஒன்றாவது உள்ளே வருகிற மாதிரி பயணத்தை வைத்துக்கொள்வது நல்லது.

கடைகளில் 'கெண்டல் மின்ட் கேக்' என்று வெள்ளைக் கட்டிகள் அடுக்கியிருப்பார்கள். பெயர்தான் கேக், உண்மையில் சர்க்கரையும் புதினா எண்ணெயும் சேர்ந்த மிட்டாய். மலையேறுகிறவர்கள் பையில் வைத்துக்கொள்வது. 1953-ல் டென்சிங்கும் ஹிலாரியும் எவரெஸ்ட் ஏறியபோது இதை எடுத்துப்போனார்கள் என்று சொன்னால், நடக்க அடம்பிடிக்கிற பிள்ளைகள்கூட ஒரு துண்டு வாயில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடும்.

பஸ் மாதிரி ஓடும் படகு

இந்த ஏரியைப் பார்க்க எளிய வழி, 'லாஞ்ச்' என்ற பயணிகள் படகு. கெஸிக் துறையில் புறப்பட்டு ஏரியை ஒரு சுற்று சுற்றிவர ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகவே ஆகும். வழியில் ஆறு துறைகளில் நிற்கும். ஒரு துறையில் இறங்கி, கரையோரமாக நடந்து, அடுத்த துறையில் ஏறிக்கொள்ளலாம். தாத்தா பாட்டி படகிலேயே உட்கார்ந்து சுற்றி வரலாம். நடக்கிறவர்கள் இறங்கி நடந்து, ஊர்த் துறையில் அவர்களோடு சேர்ந்துகொள்ளலாம். இப்படி மூன்று தலைமுறையும் ஒன்றாக வந்து, யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாத இடங்கள் குறைவு. படகுக்கு மட்டும் கட்டணம் உண்டு. குளிர்காலத்தில் படகுகள் குறைந்துவிடும். நேரம் பார்த்துக்கொண்டு போக வேண்டும்.

மேற்குக் கரையில் 'ஹாஸ் எண்ட்' துறையில் இறங்கினால் 'கேட்பெல்ஸ்' மலைக்கு வழி. உயரம் 451 மீட்டர்தான். பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக ஏறுவதைப் பார்க்கலாம். ஆனால் ஓரிரு இடங்களில் பாறையைக் கையால் பிடித்துத்தான் ஏற வேண்டும். மழை பெய்திருந்தால் அங்கே வழுக்கும். செருப்போடு போகிற மலை அல்ல. பிடிப்புள்ள ஷூ கட்டாயம். உச்சியில் நின்றால் ஒரு பக்கம் முழு ஏரியும் தீவுகளும், மறுபக்கம் நியூலேண்ட்ஸ் பள்ளத்தாக்கின் பச்சையும் தெரியும்.

ஏற முடியாதவர்களுக்கு 'ஃப்ரையர்ஸ் கிராக்' இருக்கிறது. ஊர்த் துறையில் இருந்து சற்று தூரம் சமமான பாதையில் நடந்தால், ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பாறை முனை வந்துவிடும். சக்கர நாற்காலியிலும் குழந்தை வண்டியிலும்கூட அந்த வழியே போகலாம்.

பிள்ளைகளுக்கு ஒரு கதை ஊர்

கரடிகள் வெளியே போயிருந்தபோது வீட்டுக்குள் நுழைந்து கஞ்சியைக் குடித்த கதை, ஆங்கிலப் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். அதை முதலில், 1837-ல், அச்சில் கொண்டுவந்தவர் கவிஞர் ராபர்ட் சௌதி. அவர் வாழ்ந்தது கெஸிக்கில். 1803-ல் வந்தவர், 1843-ல் இறக்கும்வரை 'கிரேட்டா ஹால்' என்ற வீட்டில் இருந்தார். அவருடைய கதையில் கரடிகளின் வீட்டுக்குள் நுழைவது சின்னப் பெண் அல்ல, ஒரு கிழவி. தங்க முடிப் பெண் பிறகு வந்து சேர்ந்தவள்.

ஏரியில் உள்ள செயின்ட் ஹெர்பர்ட் தீவுக்கு இரண்டு கதைகள். ஏழாம் நூற்றாண்டில் ஹெர்பர்ட் என்ற துறவி அங்கே தனியாக வாழ்ந்தார். தன் நண்பர் கத்பர்ட் இறக்கும் அதே நாளில் தானும் இறக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். அப்படியே 687-ல் இருவரும் ஒரே நாளில் இறந்தார்கள் என்று பீட் என்ற பழைய வரலாற்றாசிரியர் எழுதி வைத்திருக்கிறார். அதே தீவைத்தான், பீட்ரிக்ஸ் பாட்டர் 1903-ல் வெளியிட்ட அணில் கதையில் ஆந்தைத் தீவாக வரைந்தார். கதைப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு படகில் போகிற பிள்ளைகள், படத்தையும் தீவையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

பென்சில் பிறந்த மலை

ஏரிக்குத் தெற்கே உள்ள பாரோடேல் பள்ளத்தாக்கில், 16-ஆம் நூற்றாண்டில் கறுப்பாக, மழமழவென்று ஒரு பொருள் மலையில் கிடைத்தது. ஆடு மேய்ப்பவர்கள் தங்கள் ஆடுகளுக்கு அடையாளம் போட அதைப் பயன்படுத்தியதாகச் சொல்கிறார்கள். அதுதான் கிராஃபைட். பீரங்கிக் குண்டு வார்க்கும் அச்சுகளுக்குப் பூச அது தேவைப்பட்டதால், விலை எங்கேயோ போய்விட்டது. சுரங்கத்துக்குக் காவல் போட்டார்கள். 1752-ல், அதைத் திருடுவதைப் பெருங்குற்றமாக்கி நாடாளுமன்றம் சட்டமே இயற்றியது.

அந்தக் கறுப்புப் பொருளை மரக்குச்சிக்குள் வைத்தபோது கெஸிக்குக்கு ஒரு தொழில் கிடைத்தது. 19-ஆம் நூற்றாண்டில் இருந்து இங்கே பென்சில் தொழிற்சாலைகள் இயங்கின. இரண்டாம் உலகப் போரில், எதிரி நாட்டில் விழுந்துவிடும் விமானப் படையினருக்காக, உள்ளே சுருட்டிய வரைபடமும் முனையில் குட்டித் திசைகாட்டியும் ஒளித்த பென்சில்களை இங்கே ரகசியமாகச் செய்தார்கள். தொழிற்சாலை இப்போது கடலோரத்து வொர்கிங்டனுக்குப் போய்விட்டது. கெஸிக்கில் பென்சில் அருங்காட்சியகம் இருக்கிறது. மழை நாளில் பிள்ளைகளைக் கூட்டிப்போக இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

பூட்டை உடைத்த 2,000 பேர்

இனி அந்த டிக்கெட் கதை.

1865-ல் கெஸிக்குக்குப் பயணிகள் ரயில் வந்தது. தொழில் நகரங்களில் இருந்து சாதாரண மக்களும் வந்து மலையும் ஏரியும் பார்க்க முடிந்தது. மக்கள் வரவர, நிலம் வைத்திருந்தவர்கள் சிலர் பாதைகளை அடைக்கத் தொடங்கினார்கள். ஊருக்குப் பின்னால் 'லாட்ரிக்' என்று ஒரு சிறு மலை. தலைமுறை தலைமுறையாக மக்கள் மாலை நேரத்தில் ஏறிவந்த மலை. 1880-களில் அந்தப் பாதையைப் பூட்டிவிட்டார்கள்.

ஊர்க்காரர்கள் பாதைப் பாதுகாப்புச் சங்கம் அமைத்துப் பேசிப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. 1887 அக்டோபர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஏறக்குறைய 2,000 பேர் ஊர்வலமாகப் போனார்கள். தடுப்புகளை அகற்றிவிட்டு, மலை உச்சிக்கு நடந்தார்கள். வழக்கு வந்தது. அடுத்த ஆண்டு சமரசத்தில் முடிந்தது. உச்சிக்குப் போகும் பாதை பொதுவழியானது. இன்றும் கெஸிக்கில் தங்குகிறவர்கள் சாயங்கால நடைக்கு முதலில் ஏறுவது அந்த லாட்ரிக்தான்.

அப்போது கெஸிக்கை ஒட்டிய கிராஸ்த்வெயிட் தேவாலயத்தின் குருவாக இருந்தவர் ஹார்ட்விக் ரான்ஸ்லி. ஏரியின் மேற்குப் பக்க மலைகள் வழியாகக் கற்பலகைச் சுரங்கத்துக்கு ரயில் பாதை போட 1883-ல் திட்டம் வந்தபோது, அதை எதிர்த்துப் போராடி நிறுத்தியவர்களில் முக்கியமானவர். ஒவ்வொரு தடவையும் சண்டை போட்டுக்கொண்டிருந்தால் முடியாது, இடத்தையே மக்கள் பெயரில் வாங்கிவிட வேண்டும் என்ற முடிவுக்கு அவர் வந்தார். ஆக்டேவியா ஹில், ராபர்ட் ஹன்டர் ஆகியோருடன் சேர்ந்து 1895-ல் 'நேஷனல் டிரஸ்ட்' அமைப்பைத் தொடங்கினார்.

சில ஆண்டுகளில், ஏரியின் மேற்குக் கரையில் பிராண்டல்ஹவ் என்ற காட்டு நிலம் விற்பனைக்கு வந்தது. சுமார் 108 ஏக்கர். விலை 6,500 பவுண்டு. வீடு கட்டுகிறவர்கள் கைக்குப் போயிருந்தால் கரையின் கதை அன்றே முடிந்திருக்கும். ரான்ஸ்லியும் நண்பர்களும் நாடு முழுக்கப் பணம் திரட்டினார்கள். பணக்காரர்கள் மட்டும் தரவில்லை. தொழில் நகரங்களின் உழைப்பாளிகள் ஷில்லிங் கணக்கில் அனுப்பினார்கள். தன்னால் இரண்டு ஷில்லிங்தான் முடியும், ஆனால் ஒருமுறை பார்த்த அந்த ஏரியை மறக்க முடியவில்லை என்று ஒரு தொழிலாளி எழுதினார். 1902 அக்டோபரில் பிராண்டல்ஹவ் மக்களுக்குத் திறக்கப்பட்டது. ஏரி மாவட்டத்தில் நேஷனல் டிரஸ்ட் வாங்கிய முதல் இடம் அது.

இன்று லாஞ்ச் படகு நிற்கும் துறைகளில் இரண்டு, பிராண்டல்ஹவ் பெயரைத்தான் தாங்கியிருக்கின்றன. ஊருக்குக் கிழக்கே 5,000 ஆண்டு பழைய காஸில்ரிக் கல்வட்டத்தையும் 1913-ல் இதே வழியில் காப்பாற்றினார்கள். சுற்றிலும் மலைகள் நிற்க, நடுவில் கற்கள் வட்டமாக நிற்கும் அந்த இடத்துக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. 1920-ல் ரான்ஸ்லி இறந்த பிறகு, அவர் நினைவாக மக்கள் பணம் சேர்த்து வாங்கிக் கொடுத்ததுதான் ஃப்ரையர்ஸ் கிராக்.

மழையும் ஒரு விருந்தாளி

ஏரி நிறைந்திருக்கக் காரணம் மழை. பாரோடேலின் கோடியில் உள்ள சீத்வெயிட், இங்கிலாந்தில் மக்கள் வசிக்கும் இடங்களிலேயே அதிக மழை பெறுவது. ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கும் மேல். 2015 டிசம்பர் 5-ஆம் தேதி, பக்கத்து ஹானிஸ்டர் கணவாயில் 24 மணி நேரத்தில் 341.4 மில்லிமீட்டர் கொட்டியது. பிரிட்டனில் அதுவரை பதிவாகாத அளவு. கெஸிக்கில் ஓடும் கிரேட்டா ஆற்றின் கரையில், 2009 வெள்ளத்துக்குப் பிறகு கண்ணாடிப் பலகைகளோடு தடுப்புச்சுவர் எழுப்பியிருந்தார்கள். தண்ணீர் அதையும் தாண்டி ஊருக்குள் வந்தது. வீடுகள், கடைகள், பென்சில் அருங்காட்சியகம் எல்லாம் நனைந்தன.

பழைய ரயில் பாதையும் அந்த வெள்ளத்தில் அறுபட்டது. 1972-ல் ரயில் நின்ற பிறகு, அந்தத் தடத்தை நடைபாதையாக மாற்றியிருந்தார்கள். பாலங்கள் அடித்துப் போனதும், மறுபடி கட்டி 2020 டிசம்பரில் திறந்தார்கள். கெஸிக்கில் இருந்து த்ரெல்கெல்டு கிராமம்வரை சுமார் 5 கிலோமீட்டர். ஏற்ற இறக்கம் அதிகம் இல்லாத, ஆற்றை மாறி மாறிக் கடக்கும் பாதை. முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்கும் ஏற்றது.

அழகுக்குக் கொடுக்கும் விலை

ஊர் திறந்திருப்பதால் கூட்டமும் வருகிறது. ஜூலை, ஆகஸ்டில் பள்ளி விடுமுறையின்போது, குறுகிய மலைச்சாலைகளின் ஓரம் முழுக்க கார்கள் நின்றுவிடுகின்றன. டிராக்டரோ ஆம்புலன்ஸோ போக இடம் இல்லாமல் தவிக்கும் நாள்களும் உண்டு.

அதைவிடப் பெரிய பிரச்னை வீடு. வசதியுள்ளவர்கள் இங்கே இரண்டாவது வீடு வாங்கி ஆண்டில் சில வாரங்கள் வந்து போகிறார்கள். பல வீடுகள் விடுமுறை வாடகைக்குப் போய்விட்டன. விலை ஏறிவிட்டதால், ஹோட்டலில் படுக்கை விரிப்பவரும் படகில் கயிறு பிடிப்பவரும் ஊருக்குள் வீடு எடுக்க முடியாமல் தொலைவில் இருந்து வர வேண்டியிருக்கிறது. புதிதாகக் கட்டும் வீடுகளில் பல, நிரந்தரமாக வசிப்பவர்களுக்கு மட்டுமே என்று நிபந்தனை போட்டுப் பார்க்கிறார்கள். பழைய வீடுகளுக்கு அது பொருந்தாது. கரையைக் காப்பாற்றிய ஊர், தன் பிள்ளைகளுக்கு ஒரு வீட்டைக் காப்பாற்றிக் கொடுக்கத் திணறுகிறது.

2017-ல் யுனெஸ்கோ இந்த ஏரி மாவட்டத்தை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தபோது, இயற்கை இடம் என்ற வகையில் சேர்க்கவில்லை. மனிதர்களும் மலையும் சேர்ந்து உருவாக்கிய பண்பாட்டு நிலம் என்றே சேர்த்தது. மலையில் மேயும் ஹெர்ட்விக் ஆடுகள் அதற்கு நல்ல உதாரணம். கறுப்பாகப் பிறந்து, வளர வளரச் சாம்பல் நிறமாகும் இந்த ஆடுகள், வேலி இல்லாமலே தங்கள் மேய்ச்சல் எல்லையை விட்டுப் போவதில்லை. தாய் ஆட்டிடம் இருந்து குட்டி கற்றுக்கொள்கிறது. மேய்ப்பவர் ஊரைவிட்டுப் போய்விட்டால் அந்தப் பழக்கமும் போய்விடும். மலையின் முகமும் மாறிவிடும்.

போகிறவர்கள் கவனத்துக்கு

லண்டன் யூஸ்டன் நிலையத்தில் இருந்து பென்ரித்துக்கு ரயிலில் ஏறக்குறைய 3 மணி நேரம். அங்கிருந்து கெஸிக்குக்கு பஸ் உண்டு. ஊருக்குள் வந்துவிட்டால் கார் தேவைப்படாது. பாரோடேல் பள்ளத்தாக்குக்கு 78-ஆம் எண் பஸ், ஏரிக்கு லாஞ்ச், மற்றதற்குக் கால்கள்.

மே, ஜூன் மாதங்கள் வசதியானவை. ஜூனில் இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் மாலை 4 மணிக்கே இருட்டிவிடும். எந்த மாதமானாலும் ரெயின்கோட் பையில் இருக்கட்டும். குடை மலைக்காற்றில் நிற்காது. லோடோர் அருவியைப் பார்க்க வேண்டுமானால் மழைக்கு மறுநாள் போக வேண்டும். வறண்ட வாரத்தில் பாறைதான் தெரியும்.

ஒரு நாளில் பத்து இடம் என்று ஓடுகிறவர்களுக்கு இந்த ஊர் பிடிபடாது. நான்கைந்து இரவு ஒரே இடத்தில் தங்கி, சந்தையில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வாங்கி, பஸ்ஸிலும் படகிலும் போய்வருகிறவர்களால் ஊருக்கும் லாபம், தங்களுக்கும் நிம்மதி. பண்ணை நிலத்தின் குறுக்கே பாதை போகும் இடங்களில் மரக்கதவுகள் இருக்கும். மூடியிருந்த கதவைத் திறந்து போனவர் திரும்ப மூட வேண்டும். திறந்திருந்ததை அப்படியே விட வேண்டும். இந்தச் சின்னப் பழக்கத்தைப் பிள்ளைகள் அங்கே ஒரே நாளில் கற்றுக்கொள்கிறார்கள்.

இரண்டு ஷில்லிங் அனுப்பிய தொழிலாளிக்கு அந்தக் கரையில் ஒரு பிடி மண்கூடச் சொந்தமாகவில்லை. அவர் பேரப்பிள்ளைகள் அங்கே போனார்களா என்பதும் யாருக்கும் தெரியாது. ஆனால் இன்று படகில் இருந்து இறங்கி, யாரிடமும் கேட்காமல் பிராண்டல்ஹவ் மரநிழலில் நடக்கிற ஒவ்வொரு குடும்பமும், அவர் வாங்கிக் கொடுத்த டிக்கெட்டில்தான் நடக்கிறது.